பதினைந்து ஊருக்கு இரண்டு வழி

போன நவம்பரில் உயிர்ச் சான்றிதழ் கொடுக்க வங்கிக்குப் போயிருந்தேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்து, "நீங்க மார் சார்தானே?" என்றார். எங்களிடம் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தப் பட்டப் பெயரைக் கேட்டு இருபது வருடமாவது இருக்கும். பக்கத்தில் நின்ற பெண், மார் என்பது என் சொந்தப் பெயர் என்று நினைத்துக்கொண்டார்.

மார் என்பது நான் ஏழு வருடம் கட்டி மாரடித்த கருவி. மல்டி ஆக்சஸ் ரூரல் ரேடியோ என்பதன் சுருக்கம். கம்பி இழுக்க முடியாத கிராமத்துக்கு வானொலி அலை மூலம் தொலைபேசி கொடுக்கும் பெட்டி. 1990களில் நம் நாட்டுக் கிராமங்களில் லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்களில் இது இருந்தது. இன்று ஒன்றுகூட மிஞ்சவில்லை. எழுதி வைக்காவிட்டால் இப்படி ஒன்று இருந்தது என்பதே மறந்துபோகும்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. கிராமத்துக்குத் தொலைபேசி என்ற பேச்சு வந்தபோது, நாட்டின் வரைபடத்தைத் தேன்கூடு மாதிரி அறுகோணங்களாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு பக்கமும் 5 கிலோமீட்டர். அறுகோணத்தில் ஒரு வசதி உண்டு. பக்கம் எவ்வளவோ, மையத்திலிருந்து மூலைக்கும் அவ்வளவே தூரம். ஆகவே நடுவில் ஒரு பொதுத் தொலைபேசி வைத்தால் யாரும் 5 கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டியதில்லை. ஓர் அறுகோணத்துக்குள் சுமார் 65 சதுர கிலோமீட்டர் அடங்கும். காகிதத்தில் அழகான கணக்கு. ஆனால் அது காக்கை பறக்கும் தூரம். எங்கள் ஜவ்வாது மலையில் 5 கிலோமீட்டர் என்றால் இரண்டு பள்ளம் இறங்கி ஏற வேண்டும். ஐப்பசியில் ஓடை வந்துவிட்டால் அதுவும் நடக்காது.

1994ஆம் ஆண்டு தொலைத்தொடர்புக் கொள்கை வந்தது. 1997க்குள் எல்லாக் கிராமங்களுக்கும் தொலைபேசி என்றது. 1984இல் தொடங்கிய சி-டாட் நிறுவனம் உருவாக்கிய 128 லைன் சிறு எக்ஸ்சேஞ்சுகள் அதற்குள் ஊரக இந்தியாவில் பரவியிருந்தன. குளிர்சாதன அறைகூட வேண்டாம், நம் வெயிலிலும் தூசியிலும் ஓடும். எங்கள் மலையடிவாரத்திலும் அப்படி ஒன்று இருந்தது. அங்கே நான் ஜே.டி.ஓ. எக்ஸ்சேஞ்ச் வரை பிரச்சினை இல்லை. அதற்கு மேல் கம்பம் நட்டுக் கம்பி இழுத்தால் காற்றில் மரம் விழும், அல்லது செம்புக் கம்பியை யாராவது அறுத்துக்கொண்டு போவார்கள். அதனால்தான் மார்.

1995 ஜூலை 31 அன்று ஜோதிபாசு கல்கத்தாவிலிருந்து டெல்லியிலிருந்த சுக்ராமுடன் பேசி, நாட்டின் முதல் செல்போன் அழைப்பைத் தொடங்கி வைத்தார். அடுத்த வருடம் நாங்கள் பேட்டரியைத் தலையில் சுமந்து மலை ஏறிக்கொண்டிருந்தோம். இதே மலைத்தொடரில் காவலூரில் 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. கோடானுகோடி மைல் தாண்டியுள்ள நட்சத்திரத்தின் ஒளி அங்கே வந்து சேர்ந்தது. பக்கத்துக் குன்றிலிருந்து கீழே இருக்கும் டாக்டருக்குச் செய்தி வந்து சேரவில்லை.

இதன் அமைப்பைச் சொல்கிறேன். எக்ஸ்சேஞ்சில் ஒரு தாய் நிலையம். கோபுரத்தின் உச்சியில் நாலா பக்கமும் அலை வீசும் ஆன்டெனா. ஒவ்வொரு கிராமத்திலும் ஒரு பெட்டி, 12 வோல்ட் பேட்டரி, அதற்கு ஒரு சூரியத் தகடு, கம்பத்தில் எக்ஸ்சேஞ்சைப் பார்த்தபடி ஒரு யாகி ஆன்டெனா. யாகி, உடா என்ற இரண்டு ஜப்பானியர்கள் 1920களில் உருவாக்கியது. தூர்தர்ஷன் பார்க்க நம் மொட்டைமாடிகளில் வைத்திருந்தோமே, அதே குடும்பம். போலீஸ் வாக்கி-டாக்கியில் ஒருவர் பேசி முடித்து 'ஓவர்' சொன்ன பிறகுதான் மற்றவர் பேச முடியும். மாரில் போவதற்கு ஓர் அலைவரிசை, வருவதற்கு வேறோர் அலைவரிசை. ஆகவே வீட்டுத் தொலைபேசி மாதிரி இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசலாம், சண்டையும் போடலாம்.

எங்களுடையது 2/15 வகை. பதினைந்து ஊருக்குச் சேர்த்து இரண்டே ரேடியோ வழிகள். தெருவில் பதினைந்து வீட்டுக்கு இரண்டு குழாய் வைத்தது போல. எல்லோரும் ஒரே நேரத்தில் குடத்தோடு வர மாட்டார்கள் என்பதுதான் கணக்கு. கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியில் வேலை பார்த்த எர்லாங் என்ற டென்மார்க்காரர் நூறு வருடத்துக்கு முன்பே இதற்குச் சூத்திரம் போட்டுவிட்டார். இரண்டு வழியும் நிரம்பிவிட்டால் மூன்றாவது ஊர்க்காரர் ரிசீவரை எடுத்ததும் எங்கேஜ் சத்தம்தான் கேட்கும்.

மலைமேல் இருந்த கடைசி ஊரில் பெட்டி வைத்ததை மறக்க முடியாது. ஊர்ப் பெரியவர் தன் வீட்டுத் திண்ணையில்தான் போன் வைக்க வேண்டும் என்றார். அலை போக எக்ஸ்சேஞ்ச் கோபுரம் நேர்ப்பார்வையில் தெரிய வேண்டும். வெறும் கண்ணுக்குக் கோபுரம் தெரியாத தூரம். அதனால் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைக் கடன் வாங்கி, காலை வெயிலைக் கோபுரப் பக்கம் திருப்பி அடித்தேன். கோபுரத்தில் ஏறி நின்ற ஆள் வெளிச்சத்தைப் பார்த்தால் பதிலுக்கு அவரும் கண்ணாடியைக் காட்ட வேண்டும். திண்ணையிலிருந்து அரை மணி நேரம் அடித்தும் பதில் இல்லை, நடுவில் பாறை. நூறடி தள்ளி இருந்த பெட்டிக்கடை வாசலில் நின்று அடித்தேன். கீழே ஒரு புள்ளி மின்னியது. "நானா முடிவு பண்ணலைங்க ஐயா, பாறைதான் முடிவு பண்ணுச்சு" என்றேன். பெரியவர் சிரித்துவிட்டார். கடைக்காரரே அந்தப் போனுக்குப் பொறுப்பாளர் ஆனார்.

கம்பம் நட்டு, ஸ்டே கம்பி இழுத்துக் கட்டி, கரியும் உப்பும் போட்டு எர்த் குழி தோண்டினோம். ஆன்டெனாவை ஏற்றிப் பார்த்தால் சிக்னல் மீட்டரில் முள் அசையவில்லை. ஒரு மணி நேரம் எல்லா இணைப்பையும் கழற்றி மாட்டினோம். பிறகுதான் கவனித்தேன். லைன்மேன் டி.வி. ஆன்டெனா மாதிரி யாகியின் குச்சிகளைப் படுக்கையாகக் கட்டியிருந்தார். எங்கள் கோபுரத்து ஆன்டெனா நெட்டுக்குத்தானது. இங்கேயும் குச்சிகள் நெட்டுக்குத்தாக நின்றால்தான் அலை பிடிக்கும். மேலே ஏறி அதைக் கால் சுற்று திருப்பினார். முள் எழுந்து நின்றது. வங்கி வரிசையில் என்னைக் கூப்பிட்டவர் அவர்தான்.

முதல் அழைப்பு வெளியூருக்கு வேலைக்குப் போன ஒரு பையனுக்கு. அவன் அம்மா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மலைக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி கத்தினார். பிறகு கடைக்காரர் ஒரு நோட்டுப் போட்டு வருகிற செய்திகளை எழுதி வைக்க ஆரம்பித்தார். பலாப்பழம் எடுக்க வண்டி எப்போது வரும், சாமை என்ன விலை, யார் வீட்டில் சாவு என்று எல்லாம் அதில் இருக்கும். அவசரமென்றால் அடிவாரத்தில் இருக்கும் ஜீப்புக்குப் போன் செய்வார்கள். மண் ரோடு முடியும் இடம் வரை ஜீப் வந்து நிற்கும். பாதித் தூரம் மிச்சம்.

இனி எழுதப் போவது என் பிழை. இதுவரை வீட்டில்கூட முழுசாகச் சொன்னதில்லை.

ஓர் ஐப்பசி மாதம். இரண்டு ரேடியோ வழிகளில் ஒன்று பழுதாகி, அந்தப் பகுதியைக் கழற்றிப் பழுது பார்க்க அனுப்பியிருந்தேன். பதினைந்து ஊரும் ஒரே வழியில் ஓடிக்கொண்டிருந்தன. வெள்ளிக்கிழமை சாயங்காலம் லைன்மேன் வந்து, "சார், சேனல் விடவே மாட்டேங்குது" என்றார். அடிவாரத்து ஊர் ஒன்றில் பெட்டிக்குள் மழைத் தண்ணீர் இறங்கி, ரிசீவரை வைத்த பிறகும் அது அலையை வீசிக்கொண்டே இருந்தது. இருந்த ஒரு வழியையும் அது பிடித்துக்கொண்டது. மற்ற பதினான்கு ஊருக்கும் எங்கேஜ் சத்தம்.

அந்த ஊருக்கு ஏழரை மணிக்குக் கடைசி பஸ் உண்டு. கண்டக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாம்: "போன் பெட்டியோட பேட்டரிக் கம்பியைக் கழட்டிவிடச் சொல்லுங்க." அவ்வளவுதான் வேலை. நான் வெளியே மழையைப் பார்த்தேன். "காலையில பாத்துக்கலாம்" என்றேன்.

காலையில் போய்ப் பெட்டியை நிறுத்தினேன், லைன் வந்துவிட்டது. நல்ல வேலை செய்த நினைப்புடன் திரும்பினேன். நாலு நாள் கழித்து மலைக்கு ஏறியபோதுதான் கடைக்காரர் சொன்னார். அந்த வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணிக்குப் பத்து வயதுப் பையன் ஒருவனைக் கட்டுவிரியன் கடித்திருக்கிறது. கட்டுவிரியன் கடியில் வலி அதிகம் தெரியாது. பையன் பேசிக்கொண்டே இருந்திருக்கிறான். ஜீப்புக்குப் போன் போட்டார்கள். எங்கேஜ். மறுபடி போட்டார்கள். யாரோ பேசிக்கொண்டிருக்கிறார்கள், முடித்துவிடுவார்கள் என்று காத்திருந்தார்கள். பதினோரு மணிக்குப் பையனுக்கு இமை இறங்கி, பேச்சுக் குழறியது. அப்புறம் டோலி கட்டித் தூக்கினார்கள். வழியிலேயே போய்விட்டான்.

கடைக்காரர் என்னைத் திட்டவில்லை. டீ போட்டுக் கொடுத்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "போன் இல்லாத காலத்துல நாங்க காத்திருக்க மாட்டோம் சார். கடிச்ச உடனே தூக்கிட்டு ஓடுவோம். போன் இருக்குதேன்னு ரெண்டு மணி நேரம் அதையே சுத்திக்கிட்டு நின்னுட்டோம்."

உடனே தூக்கியிருந்தால் பிழைத்திருப்பானா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தை நான்தான் எடுத்துக்கொண்டேன். போன் இல்லாத ஊரைவிட, இருந்தும் நம்ப முடியாத போன் உள்ள ஊருக்கு ஆபத்து அதிகம் என்பதை எந்தப் பயிற்சி வகுப்பிலும் எனக்குச் சொல்லவில்லை.

அந்த வாரத்திலிருந்து இரண்டு காரியம் செய்தேன். தினமும் மாலை ஆறு மணிக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்து பதினைந்து ஊருக்கும் ஒவ்வொன்றாக நாங்களே போன் போடுவோம். பொறுப்பாளர் எடுத்து "கேக்குது சார்" என்றால் போதும். கால் மணி நேர வேலை. எடுக்காத ஊருக்கு அன்றைக்கே பஸ்ஸிலோ பால் வண்டியிலோ ஆள் போகும். ஒரு வழி பழுதானால் அந்தச் செய்தியும் எல்லா ஊருக்கும் போகும். ஞாயிறு, தீபாவளி எதுவும் விலக்கில்லை.

இரண்டாவது, ஒவ்வொரு பெட்டிக்கும் மேலே ஒரு பலகை: "மூன்று முறை போட்டும் லைன் கிடைக்காவிட்டால் காத்திருக்க வேண்டாம். நோயாளியுடன் கிளம்பிவிடுங்கள்." லைன்மேனே பெயின்ட் வாங்கி எழுதினார். மேலதிகாரி ஒருவர் பார்த்துவிட்டு, "நம்ம போன் வேலை செய்யாதுன்னு நாமளே எழுதி வைக்கிறதா?" என்று கோபப்பட்டார். எழுத்தில் உத்தரவு கொடுங்கள், எடுத்துவிடுகிறேன் என்றேன். உத்தரவு வரவில்லை.

2000 அக்டோபர் 1 அன்று பி.எஸ்.என்.எல். பிறந்தது. 2002 ஏப்ரலில் ஊரகத் தொலைபேசிக்கென்று தனி நிதி வந்தது. அதிலிருந்து பழுதாகிக்கொண்டே இருந்த மார் பெட்டிகளை மாற்றும் வேலை நடந்தது. டபிள்யூ.எல்.எல். வந்தது. அப்புறம் செல்போன் கோபுரங்கள். 2008இல் 108 ஆம்புலன்சும் வந்துவிட்டது. எங்கள் பதினைந்து பெட்டிகளையும் நானே கழற்றி, ரசீது போட்டு ஒப்படைத்தேன். பலகைகளைக் கணக்கில் சேர்க்கவில்லை.

வங்கியில் அந்த லைன்மேன் சொன்னார்: போன வருடம் உறவினர் கல்யாணத்துக்கு மலைக்குப் போயிருந்தாராம். கடையை இப்போது மகன் நடத்துகிறான். கையில் செல்போன், சுவரில் அந்தப் பலகை. மழை பெய்தால் இப்போதும் அங்கே சிக்னல் போய்விடுகிறது. "எழுத்து மங்கிடுச்சுன்னு அவனே மேல பெயின்ட் அடிச்சு வச்சிருக்கான் சார்" என்றார்.

அதற்குள் கவுன்டரில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். உயிரோடு இருப்பதாகக் கைரேகை வைத்துவிட்டு வந்தேன்.

மார் பெட்டியோடு மல்லுக்கட்டிய நண்பர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் ஊரில் அது எப்படி ஓடியது என்று எழுதுங்கள். நல்லதை மட்டுமல்ல, மற்றதையும்.