கருவின் முதலசைவும் உயிர் விளக்கமும்

சூல் கொண்ட தாய் தன் வயிற்றகத்துக் கரு அசைதலை முதன்முதல் உணரும் பொழுது அவட்குப் பெருமகிழ்ச்சி தருவதொன்று. தலைச்சூலினள் பெரும்பாலும் 18 முதல் 20 வாரங்களினும், முன் ஈன்றவள் அதற்குச் சில வாரங்கள் முன்னரும் இதனை உணர்வாள். இவ்வசைவு உள்ள உயிர்க்கு அடையாளமோ, அன்றி உயிர் தோன்றுதற்கே தொடக்கமோ என்னும் வினா சொல்லளவிற் சிறிது. ஆயினும், அதற்குக் கூறிய விடைபற்றி ஒரு நாட்டு மகளிரின் உயிர் நிற்றலும் நீங்கலும் நிகழ்ந்தன. அவ்வரலாறு ஈண்டுக் கூறப்படும்.

ஆங்கில நாட்டுச் சட்டநூலாருள் தலைசிறந்தவராகிய பிளாக்ஸ்டன் என்பார், 1765-ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலின் முதற்பகுதியில், கரு தாய் வயிற்றில் அசையவல்லதாய காலந்தொட்டே சட்டத்தின்கண் உயிர் தொடங்குமெனக் கொண்டார். கொலைத்தண்டம் விதிக்கப்பெற்ற பெண்ணொருத்தி தான் சூலுற்றமை கூறி முறையிடின், மாதர் பன்னிருவர் நடுவராக அமர்ந்து அவளைச் சோதிப்பர். கரு உயிர்த்தசைந்ததென அவர் கூறின், மகப்பேறுகாறும் தண்டம் நிறுத்தப்படும். சூலுண்டு, அசைவு இன்று எனின், அந்நிறுத்தம் இல்லை. சில வாரங்கள் முந்தியதொன்றே காரணமாகத் தாயும் கருவும் ஒருங்கு மாய்தற்கு இவ்விதி இடந்தந்தது. அந்தோ! அடையாளத்தையே பொருளாகக் கொண்டதன் பயன் இதுவாயிற்று.

1803-ஆம் ஆண்டு எல்லன்பரோ பிரபு கொணர்ந்த சட்டமும், அசைவின்பின் கருவை நஞ்சூட்டி அழித்தார்க்குக் கொலைத்தண்டமும், அசைவின்முன் அழித்தார்க்கு அதனிற் குறைந்த தண்டமும் வகுத்தது. 1837-ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வேற்றுமையையும் அக்கொலைத்தண்டத்தையும் ஒருங்கே நீக்கிற்று. சூலுற்ற பெண்ணைத் தூக்கிலிடுதலும் மாதர் நடுவர் முறையும் 1931-ஆம் ஆண்டில் ஒழிந்தன. இந்திய நாட்டிலோ, 1860-ஆம் ஆண்டுத் தண்டச் சட்டத்தின் 312-ஆம் பிரிவு, கருச்சிதைவுக்கு 3 ஆண்டும், கரு அசைந்தபின்னாயின் 7 ஆண்டும் சிறையெல்லையாக வகுத்தது. 2023-இல் இயற்றப்பெற்ற புதிய சட்டமும் இவ்வேற்றுமையைக் கைவிட்டிலது.

இதற்கிடையே கருவி வழி அறிவு வளர்ந்தது. 1816-இல் லேனெக் என்னும் பிரெஞ்சு மருத்துவர் மார்பொலி கேட்கும் குழலைக் கண்டார். 1821-இல் கெர்கரடெக் என்பார் அதனைத் தாய் வயிற்றில் வைத்துக் கருவின் இதயவொலி கேட்டமை அறிவித்தார். 1958-இல் கிளாஸ்கோ நகரத்து இயன் டொனால்டும் அவர் துணைவரும், செவிக்கெட்டா ஒலியலை கொண்டு கருவை உருவாகக் காணும் முறையை வெளியிட்டனர். தாய் உணர்தற்குப் பல வாரங்கள் முன்னரே, ஏறத்தாழ எட்டாம் வாரத்திலேயே, கரு அசையத் தொடங்குகின்றதென இன்று காணப்படுகின்றது. எனவே முதலசைவென்பது அசைவின் தொடக்கமன்று. தாயுணர்வின் தொடக்கமே என்க.

நம் நாட்டு மருத்துவ நூலார் இதனை முன்னரே நுணுகி உரைத்தனர். நான்காந் திங்களிற் கருவின் இதயம் புலப்படுதலின் அறிவுப்பொருள் விளங்கித் தோன்றும் என்றும், அதுபற்றித் தாய் ஈரிதயமுடையாள் எனப்படுவள் என்றும், அவள் விரும்பியன கொடுக்கற்பால என்றும் சுசுருதர் கூறினர். விளங்கும் என்றாரன்றி உண்டாகும் என்றாரல்லர். இல்லது தோன்றாது, உள்ளதே விளங்கும் என்னும் சற்காரியவாதத்தோடு இஃது இயைதல் காண்க. அசைவின்முன் உயிரில்லையெனின், அதுகாறும் உறுப்புக்கள் வளர்ந்தவாறு யாங்ஙனம்? மணிவாசகப் பெருமானும் போற்றித் திருவகவலில், முதற்றிங்கள் தொட்டே கருவிடர் ஒவ்வொன்றினும் உயிர் பிழைத்தமை அருளினார். பிழைத்தது ஒன்று உண்டெனின், அது முதற்றிங்களிலேயே உளதாதல் வேண்டுமன்றே?

இதனால் தாயின் முதலுணர்வுக்குச் சிறப்புக் குறைவதில்லை. உள்ளிருந்தும் உணரப்படாத மகவு ஒருநாள் மெல்லென அசைந்து தன்னைத் தாய்க்கு அறிவிப்பதுபோல, உயிர்க்குயிராய் என்றும் உடன் நிற்கும் இறைவனும் பக்குவம் வந்துழித் தன்னை உணர்த்துவன். அன்று வந்தது உணர்வே. அவன் முன்னரே உளன்.

திருச்சிற்றம்பலம்.