ஒட்டிய தாளின் கீழ் ஒரு பெயர்

மருத்துவ நூல் வெளியீட்டு வரலாற்றில் பிட்லூ – கௌப்பர் பூசல் தனித்து ஆராயத்தக்கது. டச்சு உடற்கூற்றியலாளர் கோவர்ட் பிட்லூ, ஜெரார்டு டி லைரெஸ் வரைந்த 105 படங்களுடன் தம் நூலை 1685இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்டார். இலண்டன் அறுவை மருத்துவர் வில்லியம் கௌப்பர் 1698இல் அப்படங்களையே கொண்ட ஆங்கில நூலொன்றைத் தம் பெயரில் வெளியிட்டார்.

படத்தாள்கள் டச்சுப் பதிப்பகத்தாரிடம் விலைக்கு வாங்கப்பட்டவை, களவாடப்பட்டவை அல்ல. விளக்கவுரையும் கௌப்பர் புதிதாக எழுதியதே. பிட்லூவின் உரையினும் அது விரிவானது. ஒன்பது புதிய படங்களையும் அவர் சேர்த்தார். ஆயின் முகப்போவியத்தில் பழைய தலைப்பின்மீது கௌப்பரின் பெயர் அச்சிட்ட தாள் ஒட்டப்பட்டது. தாளை வாங்கியவர் படைத்தவர் பெயரை மறைக்கும் உரிமையையும் வாங்கினாரா என்பதே வினா.

பிட்லூ 1700இல் இலத்தீனில் கண்டன நூல் எழுதி, கௌப்பர் உறுப்பினராயிருந்த ராயல் சொசைட்டியிடம் முறையிட்டார். கழகம் அவரைத் தண்டிக்கவில்லை. கௌப்பர் மறுப்பு எழுதியதோடு சரி. இங்கிலாந்தில் நூலுரிமைச் சட்டம் 1710இல்தான் வந்தது. செதுக்கோவியங்களுக்கு 1735 வரை காப்பில்லை.

இன்றைய ஒப்புமை காணும் மென்பொருள்கள் பெரும்பாலும் சொற்களையே ஒப்பிடுகின்றன. கௌப்பரின் உரை அவற்றில் எளிதாகத் தேறிவிடும்.