1,693 நாட்கள் வெளிவராத அறிக்கை: அரசு வெளிப்படையாக இருந்தால் மக்களுக்கு நம்பிக்கை வருமா?

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் பஸ் இறங்கி சாலை பஜாருக்குள் நடந்தால், தமிழும் மலையாளமும் கலந்தே காதில் விழும். 18ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கிய சந்தை இது. நாகர்கோவில், திருநெல்வேலி பக்கத்திலிருந்து வந்த வியாபாரிகள் தலைமுறைகளாக இங்கே கடை நடத்துகிறார்கள்.

முன்பின் தெரியாத ஒரு கடையில் நீங்கள் எப்படித் தைரியமாகச் சாமான் வாங்குகிறீர்கள்? தராசில் ஓடும் எண் உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது. தராசுக்கு அரசு முத்திரை இருக்கிறது. எடை குறைந்தால் புகார் சொல்ல ஓர் இடம் இருக்கிறது. இந்த மூன்றில் ஒன்று இல்லை என்றாலும் மனசு கொஞ்சம் தயங்கும்.

இதே கணக்கை அரசுக்குப் போட்டுப் பார்த்தால்? சாலையிலிருந்து சுமார் 2 கி.மீ. தூரத்தில்தான் கேரளத் தலைமைச் செயலகம். அங்கே ஓர் அறிக்கை 1,693 நாட்கள் மக்கள் கண்ணில் படாமல் இருந்தது. அதன் கதை இந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது.

எந்த அறிக்கை அது?

நீதிபதி ஹேமா குழு அறிக்கை. 2017 பிப்ரவரியில் கொச்சியில் ஒரு நடிகை கடத்தித் தாக்கப்பட்டார். அதைத் தொடர்ந்து உருவான 'விமன் இன் சினிமா கலெக்டிவ்' அமைப்பின் கோரிக்கையை ஏற்று, மலையாளத் திரையுலகில் பெண்களின் நிலையை ஆராய அரசு ஒரு குழுவை அமைத்தது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி கே. ஹேமா தலைவர். நடிகை சாரதா, ஓய்வுபெற்ற ஐஏஎஸ் அதிகாரி கே.பி. வல்சலகுமாரி உறுப்பினர்கள்.

2019 டிசம்பர் 31 அன்று அறிக்கை அரசிடம் போய்ச் சேர்ந்தது. மக்கள் கைக்கு வந்தது 2024 ஆகஸ்ட் 19 அன்று.

ஏன் வெளியிடவில்லை?

அரசு சொன்ன காரணம், சாட்சியம் அளித்த பெண்களின் அந்தரங்கம். வெளியிட வேண்டாம் என நீதிபதி ஹேமாவே 2020இல் கடிதம் எழுதியிருந்ததாக அன்றைய முதல்வர் பினராயி விஜயன் விளக்கினார். இதை வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. ரகசியம் காக்கப்படும் என்று நம்பித்தான் பலர் வாய் திறந்தார்கள்.

ஆனால் இதற்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 10ஆவது பிரிவு, வெளியிடக்கூடாத பகுதியை மறைத்துவிட்டு மீதியைக் கொடுக்கச் சொல்கிறது. 2024 ஜூலை 5 அன்று மாநிலத் தகவல் ஆணையம் அதைத்தான் உத்தரவிட்டது. நீதிமன்றத் தடைகளைக் கடந்து, 60க்கும் மேற்பட்ட பக்கங்கள் நீக்கப்பட்ட நிலையில் அறிக்கை வெளியானது. ஆணையம் சொன்னதைவிட அதிகமான பத்திகளை அரசு நீக்கிவிட்டதாக அப்போதும் சர்ச்சை எழுந்தது.

வெளியானதும் என்ன நடந்தது?

பெண்கள் பொதுவெளியில் பேசத் தொடங்கினார்கள். ஒரு வாரத்துக்குள் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்கப்பட்டது. கேரள சலச்சித்திர அகாடமியின் தலைவர் ரஞ்சித் பதவி விலகினார். நடிகர் சங்கமான 'அம்மா'வின் நிர்வாகக் குழு மொத்தமாக ராஜினாமா செய்தது. இத்தனை ஆண்டுகள் ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை என்று உயர் நீதிமன்றம் அரசைக் கேட்டது.

சரி, அப்புறம்? 2025 ஜூன் மாதம், குழுவிடம் அளித்த சாட்சியங்களின் பேரில் பதிவான 30க்கும் மேற்பட்ட வழக்குகளைக் கைவிடுவதாக உயர் நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. குழுவிடம் பேசியவர்கள் போலீசிடம் வாக்குமூலம் தர முன்வரவில்லை என்பது காரணம்.

அப்படின்னா வெளிப்படைத்தன்மையால் பயனே இல்லையா?

இருக்கிறது. ஆனால் அது தானாகவே நம்பிக்கையாக மாறிவிடாது. சொல்லப்போனால் முதலில் நம்பிக்கை குறையவும் செய்யலாம்.

2009இல் பிரிட்டன் எம்.பி.க்களின் செலவுக் கணக்குகள் வெளியானபோது மக்கள் கொதித்துப் போனார்கள். சபாநாயகர் மைக்கேல் மார்ட்டின் பதவி விலகினார், சில எம்.பி.க்கள் சிறைக்குப் போனார்கள். அதோடு நிற்கவில்லை. எம்.பி.க்களின் செலவைச் சரிபார்த்து வெளியிட ஒரு சுதந்திர அமைப்பு உருவாக்கப்பட்டது. தராசின் எண் தெரிந்தது, முத்திரை வந்தது, தப்பு செய்தவர் பதில் சொன்னார்.

தத்துவ அறிஞர் ஒனோரா ஓ'நீல் 2002இல் பிபிசியில் ஆற்றிய ரீத் உரைகளில், வெளிப்படைத்தன்மை மட்டுமே நம்பிக்கையை வளர்த்துவிடாது என்று வாதிட்டார். கேரளத்தில் நடந்ததும் அதற்குப் பொருந்துகிறது. எண் தெரிந்தது, ஆனால் மிகத் தாமதமாக. புகார் சொல்லும் இடத்தின் மேல் சாட்சிகளுக்கு நம்பிக்கை பிறக்கவில்லை.

உங்கள் தெருவில் இதை எப்படிப் பயன்படுத்துவது?

சாலையில் உங்கள் கடை வாசலில் வடிகால் வேலை பாதியில் நிற்கிறது என்று வையுங்கள். 'ஏன் முடிக்கலை?' என்று மனுவில் கேட்காதீர்கள். சட்டம் தருவது ஆவணங்களை, விளக்கங்களை அல்ல. ஒதுக்கிய தொகை, ஒப்பந்த நகல், முடிக்க வேண்டிய தேதி, 'எம் புக்' எனப்படும் அளவுப் புத்தகத்தின் நகல் ஆகியவற்றைக் கேளுங்கள்.

கட்டணம் 10 ரூபாய். கேரளத்தில் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினாலும் போதும். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கட்டணம் இல்லை.

30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேலதிகாரியிடம் முதல் மேல்முறையீடு. அதிலும் திருப்தி இல்லையென்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். தக்க காரணமின்றித் தாமதித்த தகவல் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம் விதிக்கலாம்.

தமிழில் எழுதலாமா? 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தமிழில் எழுதலாம், தமிழில் பதில் பெறலாம். ஆனால் ஆர்டிஐ மனுவுக்குச் சட்டம் குறிப்பிடுவது ஆங்கிலம், இந்தி, அந்தப் பகுதியின் ஆட்சிமொழி ஆகியவற்றைத்தான். அதனால் மாநகராட்சிக்கு மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ எழுதுவது பாதுகாப்பு. எழுத முடியாதவர் வாயால் சொன்னால், அதை எழுத்தாக்க உதவுவது தகவல் அலுவலரின் கடமை.

இதில் கவனிக்க வேண்டிய மாற்றம் என்ன?

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஆர்டிஐ சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தியிருக்கிறது. பொதுப் பணியோடு தொடர்பில்லாத தனிப்பட்ட தகவலைத்தான் மறுக்கலாம் என்பது பழைய வாசகம். புதிய வாசகத்தில் 'தனிப்பட்ட தகவல்' என்றாலே மறுக்க இடமிருக்கிறது. ஒப்பந்ததாரர் பெயரும் தனிப்பட்ட தகவல்தான் என்று ஓர் அதிகாரி சொல்லிவிட்டால், உங்கள் வடிகால் மனு அங்கேயே நின்றுவிடலாம். அப்போது 8(2) பிரிவை மேற்கோள் காட்டுங்கள். பொதுநலன் பெரிதென்றால் தகவலைத் தரலாம் என்கிற அந்தப் பிரிவு இன்னும் இருக்கிறது.

ஹேமா குழு அறிக்கை விஷயத்தில் 2024இல் செய்ததை 2020இலேயே செய்திருக்க முடியும். பெயர்களை மறைத்து, மீதியைக் கொடுப்பதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. சாலைக் கடைக்காரர் எடை போட்டு முடித்துவிட்டு, நான்கரை ஆண்டு கழித்து எண்ணைக் காட்டினால், அந்த எண் சரியாகவே இருந்தாலும் நீங்கள் மறுபடி அந்தக் கடைக்குப் போவீர்களா?