சுழலக் கற்ற கூண்டு

கதிரடிப்பு இயந்திரத்தின் கதையில் உருளைக்குத்தான் புகழெல்லாம். 1786 வாக்கில் ஸ்காட்லாந்தின் ஆண்ட்ரூ மெய்க்கிள் சட்டங்கள் பொருத்திய உருளையைச் சுழலவிட்டுத் தானியத்தை உதிர்த்தார். பின்னாளில் உருளையின் அடியில் வளைந்து கிடக்கும் கம்பிச் சல்லடை ஒன்று இடம்பிடித்தது. அதன் பெயர் கான்கேவ். உருளை சுற்றும், சல்லடை அசையாமல் அடி வாங்கும். மாமியார் வீட்டு உரல் போல.

1975-இல் நியூ ஹாலந்தின் டிஆர்70, அறுவடை இயந்திரத்துக்குள் அந்த உருளைக்குப் பதிலாக நீண்ட இரட்டைச் சுழலிகளைக் கொண்டுவந்தது. 1977-இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரின் ஆக்ஸியல்-ஃப்ளோ வந்தது. கதிர் சுழலியைச் சுற்றித் திருகுபோல் நகர்ந்தபடியே பலமுறை தேய்பட்டதால், வைக்கோலை உதறும் பழைய நடைச்சட்டங்கள் தேவையற்றுப் போயின. ஆனாலும் சல்லடை அசையவில்லை. அது பெரும்பாலும் கீழ்ப்பாதியில்தான். மேலே மூடிய தகடு. மையவிலக்கு விசை எல்லாப் பக்கமும் தானியத்தை வீசியெறிய, வெளியேற வழி கீழே மட்டும்!

இந்த விரயம் கான்சாஸ் மாநிலத்து மார்க் அண்டர்வுட்டை உறுத்தியது. சல்லடையை முழு வட்டக் கூண்டாக்கி, அதையும் சுழலவிட்டால் என்ன? உறவினர் ரால்ஃப் லாகர்கிரெனோடு சேர்ந்து அவர் உருவாக்கிய ‘பை-ரோட்டர்’ அதைத்தான் செய்தது: சுழலிக்கு வெளியே இன்னொரு சுழலி. தானியம் சுற்றிலும் தெறித்து வெளியேறியது. அண்டர்வுட்டுக்குப் பட்டறை, லாகர்கிரெனுக்குப் பேச்சு. முதலீட்டாளர்களைத் தேடியலைந்தது அவர்தான். பெருநிறுவனங்களின் உலகில் இருவர் நடத்திய இந்தப் போராட்டத்தை, கிரெய்க் கேனைன் 1995-இல் ‘ட்ரீம் ரீப்பர்’ என்ற நூலாகவே எழுதிவிட்டார்.