கறுப்புக்குள் இளவேனில்: கோடாலிகருப்பூர்ச் சேலைகளை முன்வைத்து

சென்ற பங்குனியில் எங்கள் கல்லூரித் தமிழ் மன்ற விழாவுக்கு முதுகலை மாணவி ஒருத்தி முழுக் கறுப்பில் வந்திருந்தாள். கறுப்புச் சுடிதார், கறுப்புத் துப்பட்டா, நகங்களிலும் கறுப்பு. குத்துவிளக்கேற்ற அழைக்கப்பட்டவர்களுள் அவளும் ஒருத்தி. "விளக்கேற்றும் நாளில் வேறு நிறம் கிடைக்கவில்லையா?" என்று நான் கேட்டுவிட்டேன். அவள் ஒன்றும் சொல்லாமல் பின்வரிசைக்குப் போய் உட்கார்ந்தாள். அவளுக்குப் பதிலாக வேறொருத்தி விளக்கேற்றினாள்.

இரண்டு நாள் கழித்து அவளே துறைக்கு வந்தாள். கோபத்தோடு வரவில்லை; ஒரு கேள்வியோடு வந்தாள். "ஐயா, கறுப்பை நான் விடப்போவதில்லை. ஆனால் இந்த வருஷம் எல்லாரும் உடுத்துகிற இளம் நிறங்களும் பிடித்திருக்கின்றன. கறுப்பைக் கெடுக்காமல் அவற்றை எப்படிச் சேர்ப்பது? வெளிநாட்டில் காத்திக் என்று ஓர் உடைமரபு இருக்கிறதே, நம்மிடம் அப்படி ஏதும் உண்டா?" என்றாள்.

உடனே பதில் சொல்ல என்னிடம் எதுவுமில்லை. பிறகு தேடிப் படித்ததன் விளைவே இக்கட்டுரை.

முதலில் அவள் சொன்ன அயல்மரபைப் பார்த்துவிடலாம். காத்திக் என்ற சொல் வசையாகப் பிறந்தது. இடைக்கால ஐரோப்பியக் கட்டடக் கலையைப் பிடிக்காத மறுமலர்ச்சிக் கால இத்தாலியர், அது 'காத்' என்னும் நாகரிகமற்ற கூட்டத்தாரின் வேலை என்று இகழ்ந்தனர். 1764இல் ஹொரேஸ் வால்போல் எழுதிய 'ஒட்ரான்டோ கோட்டை' என்ற நாவலோடு அச்சொல் இலக்கியத்துக்குள் நுழைந்தது. 1970களின் இறுதியில் இங்கிலாந்தின் இசைக்குழுக்களிடமிருந்து அது உடைக்கு வந்தது. லண்டன் சோஹோவில் 1982இல் தொடங்கிய 'பேட்கேவ்' என்னும் இரவு விடுதி அதன் அடையாள இடமாயிற்று. அந்தக் கறுப்பின் மூலப்படிமம் விக்டோரியா காலத்துத் துக்க உடை. கணவரை 1861இல் இழந்த விக்டோரியா அரசி, 1901இல் தாம் இறக்கும்வரை கறுப்பைக் களையவில்லை.

அந்தத் துக்க மரபிலும் கறுப்பு என்றென்றைக்குமான தண்டனையாக இருக்கவில்லை. குறிப்பிட்ட காலம் கழிந்ததும் 'அரைத்துக்கம்' என்றொரு நிலை வரும். அப்போது சாம்பல், இளம் ஊதா, வெளிர் கத்திரிப்பூ நிறங்கள் கறுப்போடு அனுமதிக்கப்பட்டன. இன்றைய காத்திக் உடையில் வசந்தகால நிறங்களைச் சேர்க்க விரும்புவோர் முதலில் ஊதாவையே நாடுவதன் வேர் இங்கிருக்கலாம் என்று தோன்றுகிறது.

இனி நம் பக்கம். தொல்காப்பிய உரியியல், கறுப்பு சிவப்பு என்னும் இரு சொற்களும் வெகுளியைக் குறிக்கும் என்று கூறி, அவை நிறத்தை உணர்த்தவும் வரும் என்று அடுத்துச் சொல்கிறது. உணர்ச்சி முதலாகவும் நிறம் அதற்கடுத்தும் வைக்கப்பட்டிருப்பது கவனிக்கத்தக்கது. திருமண வீட்டில் கறுப்பை விலக்கும் நாமே, சில சமூகங்களில் வளைகாப்புக்குக் கறுப்புப் புடவை எடுக்கிறோம். கார்த்திகையில் மாலை போட்டவர் கறுப்பு வேட்டி உடுத்துகிறார். 1940களின் நடுவில் திராவிடர் கழகத்தார் கறுப்புச் சட்டை அணிந்தனர். 1946இல் உருவான அவர்கள் கொடியில் கறுப்பின் நடுவே ஒரு சிவப்பு வட்டம் அமைந்தது. அங்கே கறுப்பு இழிவையும் சிவப்பு அதை நீக்கும் எழுச்சியையும் குறித்தன. ஆகவே கறுப்பு அமங்கலம் என்பது நம் மரபின் ஒரு குரல் மட்டுமே. விழா நாளில் நான் அந்த ஒரு குரலை மரபு முழுவதும் என்று எண்ணிப் பேசிவிட்டேன்.

மாணவியின் கேள்விக்கு மிக நெருக்கமான பதில், எங்கள் அரியலூர் மாவட்டத்திலேயே, கொள்ளிடத்தின் வடகரைப் பகுதியில் இருக்கிறது. ஊர் கோடாலிகருப்பூர். உடையார்பாளையம், ஜெயங்கொண்டம் என்று தறிச்சத்தம் கேட்கும் ஊர்களும் கங்கைகொண்ட சோழபுரமும் இப்பகுதியைச் சேர்ந்தவை. இங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதிவரை தஞ்சை மராத்திய அரச குடும்பத்துக்கெனச் சேலைகளும் ஆடவருக்கான தலைப்பாகைத் துணிகளும் உருவாயின. பெயர் பெற்ற காலம் இரண்டாம் சரபோஜி (1798-1832), அவர் மகன் இரண்டாம் சிவாஜி (1832-1855) ஆகியோரின் காலம்.

அருங்காட்சியகப் படங்களில் இச்சேலையை முதன்முறை பார்க்கும்போது ஏமாற்றமாகவே இருக்கும். அரசியர் சேலை என்றால் நாம் எதிர்பார்க்கும் பளபளப்பு இல்லை. அடர்ந்த அரக்கு, காப்பிக்கொட்டை நிறம், கறுப்பு. பட்டும் இல்லை, பருத்தி. சற்று நேரம் உற்றுப் பார்த்தால்தான் அந்த இருளின் அடியிலிருந்து பொன் மினுங்குவது தெரியும்.

அதன் செய்முறை இரண்டு கலைகளின் கூட்டு. முதலில் மெல்லிய பருத்தித் துணியில், ஜாம்தானி முறையில் சரிகையைக் கூடுதல் ஊடையாகக் கோத்துப் புட்டாக்களை நெய்வார்கள். நெய்து முடிந்த நிலையில் அது வெண்மையும் பொன்னுமான ஒரு துணி. பலர் அத்தோடு நிறுத்தியிருப்பார்கள். கருப்பூர்க்காரர்கள் அதன்மேல் சாயவேலையைத் தொடங்கினார்கள். கலம்காரி முறையில் துணி கடுக்காயும் பாலும் கலந்த நீரில் நனைந்து உலரும். வெண்மையாக நிற்கவேண்டிய கோடுகள் தேன்மெழுகால் வரையப்படும். சிவக்கவேண்டிய இடத்தில் படிகார நீர். கறுக்கவேண்டிய இடத்தில் வெல்ல நீரில் இரும்புத் துண்டுகளை ஊறப்போட்டு நொதிக்கவைத்த கரைசல். அதன்பின் சாயவேர் கொதிநீரில் துணி இறங்கும். இம்பூறல் என்னும் சிறு செடியின் வேர்தான் சாயவேர். படிகாரம் பட்ட இடம் அதில் சிவக்கும். இரும்பு பட்ட இடம் கறுக்கும். இரண்டும் கலந்த இடம் பழுப்பாகும். சரிகை சாயத்தை ஏற்பதில்லை. சுற்றியுள்ள நூல் இருள, பொன் உள்ளே நின்று ஒளிரும்.

கறுப்பின்மேல் நிறத்தைக் கொண்டுவந்து ஒட்டுவது எளிது; அது ஒட்டியதாகவே தெரியும். கருப்பூர்க் கைவினைஞர் எந்த இடத்தில் ஒளி வேண்டும் என்பதை முன்பே தீர்மானித்து, பொன்னால் நெய்தும் மெழுகால் காத்தும் வைத்துவிட்டுப் பிறகே இருளை வரவழைத்தார்கள். அதனால் இருளும் ஒளியும் ஒன்றையொன்று கெடுக்கவில்லை.

இக்கலை ஏன் நின்றது என்பதற்கு அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகள் விடை சொல்கின்றன. 1855இல் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்தார். கிழக்கிந்தியக் கம்பெனி தஞ்சை அரசப் பட்டத்தையே ஒழித்தது. இச்சேலைக்கு இருந்த முதன்மையான வாடிக்கை அந்த அரண்மனை ஒன்றே. 1856இல் லண்டனில், மலேரியாவுக்கான குயினின் மருந்தைச் செயற்கையாக உண்டாக்க முயன்ற வில்லியம் பெர்கின் என்னும் பதினெட்டு வயது இளைஞர், நிலக்கரித் தாரிலிருந்து தற்செயலாக ஓர் ஊதாச் சாயத்தைக் கண்டார். அதுவே 'மோவ்'. 1858இல் விக்டோரியா அரசி தம் மகள் திருமணத்துக்கு அந்நிற உடையில் வர, அது அக்காலத்தின் நாகரிக நிறமாயிற்று. 1868இல் ஜெர்மனியின் கிரேபும் லீபர்மானும் அலிசரினைச் செயற்கையாக ஆக்கினர். சாயவேரின் சிவப்புக்குக் காரணமான பொருளும் அலிசரின்தான். நாள்கணக்கில் வேரோடும் வெயிலோடும் நீரோடும் போராடிப் பெற்ற சிவப்பு, அதன்பின் டப்பாவில் அடைபட்டுக் கடைக்கு வந்தது.

ஆண்டுக்கொரு நிறம் 'வருவதும் போவதும்' இந்த வேகத்தில் நடக்க வழிவகுத்தது இந்த ஆலைச்சாயமே. அமெரிக்காவின் பான்டோன் நிறுவனம் 2000 முதல் 'ஆண்டின் நிறம்' என்று ஒன்றை அறிவித்துவருகிறது. சாயவேரை நம்பிய ஊரில் அப்படி அறிவிக்க இயலாது. வேர் தரும் நிறம்தான் ஆண்டின் நிறம். நம் ஜவுளிக்கடைகளில் இன்றும் வழங்கும் மாந்துளிர், கத்திரிப்பூ, கிளிப்பச்சை, மயில்கழுத்து, வெங்காயச்சருகு என்னும் பெயர்கள், நிறத்தைத் தோட்டத்திலும் கொல்லையிலும் கண்டவர்கள் இட்டவை. ஆலைச்சாயம் வந்தபின்னும் பெயர்களாவது பிழைத்திருக்கின்றன.

கருப்பூர்ச் சேலைகள் இன்று அகமதாபாத் காலிகோ அருங்காட்சியகத்திலும் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கின்றன. ஆனால் கைத்திறன் அடியோடு அற்றுவிடவில்லை. கும்பகோணம் பக்கத்துச் சிக்கல்நாயக்கன்பேட்டையில் கோயில்களுக்கான தொம்பை, தோரணம், தேர்ச்சீலைகளாக அது வாழ்கிறது. 2021இல் 'கருப்பூர் கலம்காரி ஓவியங்கள்' புவிசார் குறியீடு பெற்றன. பெயரில் எங்கள் ஊர் இருக்கிறது; பொன்னிழை புதைந்த அந்தச் சேலை மட்டும் ஊரில் இல்லை.

இதையெல்லாம் மாணவியிடம் சொல்லி, படங்களையும் காட்டினேன். நடைமுறைக்கென்று ஏதேனும் சொல்லவேண்டுமே என்று, என் சிற்றறிவுக்கு எட்டியதையும் சொன்னேன். பாதிக்குப் பாதி வேண்டாம். கறுப்பே நிலமாக இருக்கட்டும். அரக்கு, கத்திரிப்பூ போலக் கறுப்புக்குப் பக்கத்து வீட்டு நிறம் ஒன்று நடுவில் வரட்டும். மாந்துளிரோ இளமஞ்சளோ, மெழுகுக் கோட்டின் அளவுக்கு, ஒரு கரையாகவோ ஓர் இழையாகவோ போதும். நம் இளவேனில் சித்திரையும் வைகாசியுமாதலால் துணி பருத்தியாக இருப்பது நல்லது.

அவள் பெரம்பலூர்ப் பக்கம் ஒரு கிராமத்துப் பெண். வீட்டில் பருத்தி போடுகிறார்கள். படத்தைப் பார்த்துக்கொண்டே, "எங்கள் கரிசல் காடு காய் வெடிக்கிறபோது இப்படித்தான் ஐயா இருக்கும், கறுப்புக்குள்ளே வெள்ளை வெள்ளையாக" என்றாள். இத்தனை நூல்களைப் புரட்டிய எனக்கு அது தோன்றவில்லை.

அடுத்த தமிழ் மன்ற விழாவுக்கு அவள் எந்த நிறத்தில் வந்தாலும் விளக்கேற்றும் வரிசையில் முதலில் நிற்பாள். அதை அவளிடம் சொல்லிவிட்டேன்.