மீண்டும் பல் கம்பி அணிய வேண்டுமா? இளம் வயதினருக்கான விளக்கம்

பள்ளிப் பருவத்தில் பல் கம்பி அணிந்து பற்களைச் சீராக்கிக்கொண்டவர்களுள் பலர், இருபது வயதைக் கடந்த பின் முன்பற்கள் மீண்டும் நெருக்கிக்கொண்டு நிற்பதையோ, பற்களிடையே இடைவெளி தோன்றுவதையோ காண்கின்றனர். முன்பு செய்த சிகிச்சை வீணாகிவிட்டதோ என்ற வருத்தமும், மறுபடியும் கம்பி அணிய வேண்டுமோ என்ற தயக்கமும் இயல்பானவை.

இதற்கான முடிவை மூன்று கேள்விகளின் துணைகொண்டு எடுக்கலாம். பற்கள் ஏன் நகர்ந்தன? நகர்ந்ததால் பல்லுக்கோ ஈறுக்கோ தீங்கு உண்டா? மறுசிகிச்சைக்குப் பின் பற்களை அந்நிலையில் காக்க நீங்கள் ஆயத்தமாக இருக்கிறீர்களா? முதல் கேள்விக்கு விடை காணாமல் தொடங்கும் இரண்டாம் சிகிச்சை, முதல் சிகிச்சையைப் போலவே பயனிழக்கக்கூடும்.

பற்கள் ஏன் மீண்டும் நகர்கின்றன?

பல் என்பது சுவரில் அறைந்த ஆணி போன்றதன்று. அதன் வேரை நுண்ணிய நார்கள் எலும்புடனும் ஈறுடனும் பிணைத்துள்ளன. கம்பி கழற்றப்பட்ட பின், ஈறிலுள்ள சில நார்கள் புதிய நிலைக்குப் பழக ஏறத்தாழ ஓராண்டு ஆகலாம். அதுவரை அவை பல்லைப் பழைய இடத்திற்கு இழுக்கும். இதைத் தடுக்கவே ரிடெய்னர் என்னும் நிலைநிறுத்தும் கருவி தரப்படுகிறது.

பற்கள் நகர்வதற்கான பொதுவான காரணங்கள்:

- ரிடெய்னரை அணியாமல் விட்டது, அல்லது அது தொலைந்த பின் புதிதாகச் செய்துகொள்ளாதது
- பற்களின் உட்புறம் ஒட்டப்பட்ட மெல்லிய கம்பி உடைந்தது அல்லது வளைந்தது
- நாக்கால் முன்பற்களைத் தள்ளும் பழக்கம்
- ஈறு நோயால் எலும்பு தேய்ந்தது
- பிடுங்கிய பல்லின் இடம் நிரப்பப்படாமல் விடப்பட்டது
- வயதுக்கேற்ற இயல்பான மாற்றம்

இறுதியில் கூறப்பட்ட காரணம் கவனிக்கத்தக்கது. வாழ்நாளில் ஒருமுறையும் கம்பி அணியாதவர்களுக்கும் வயது ஏற ஏறக் கீழ்த்தாடை முன்பற்களில் நெருக்கம் கூடுவது உண்டு. ஆகவே, பற்கள் நகர்ந்ததற்கு உங்கள் கவனக்குறைவு மட்டுமே காரணம் என்று கருத வேண்டியதில்லை.

ஞானப்பல் முளைத்து மற்றப் பற்களைத் தள்ளிவிடுகிறது என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. இதற்கு உறுதியான சான்று இல்லை. வலி, தொற்று, சொத்தை போன்ற காரணங்கள் இருப்பின் ஞானப்பல்லை அகற்றலாம். முன்பற்கள் நெருங்காமல் இருப்பதற்காக மட்டும் அதை அகற்ற வேண்டியதில்லை.

காலம் தாழ்த்தாமல் பல் மருத்துவரைக் காண வேண்டிய அறிகுறிகள்

- பல் துலக்கும்போது ஈறிலிருந்து இரத்தம் வருதல்
- முன்பு இல்லாத இடைவெளி குறுகிய காலத்தில் தோன்றி அகலமாதல்
- பல் ஆடுதல், அல்லது ஈறு கீழிறங்கிப் பல் நீண்டது போலத் தோன்றுதல்
- கடிக்கும்போது வலி

இவை ஈறு நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். ஈறு நோயைக் கட்டுப்படுத்தாமல் பற்களை நகர்த்தினால் எலும்பு இழப்பு விரைவடையும். எனவே ஈறு சிகிச்சையே முதலில் செய்யப்பட வேண்டும்.

மறுசிகிச்சை எப்போது தேவை? எப்போது விருப்பம் சார்ந்தது?

மேற்பல் கீழ் ஈறைக் குத்துதல், பற்கள் தவறாக உரசித் தேய்தல், மெல்லுவதில் இடர்ப்பாடு, துலக்கியும் தூய்மை செய்ய முடியாத அளவு நெருக்கம் ஆகியவை இருந்தால் மறுசிகிச்சை பல்லின் நலனுக்கே உதவும்.

ஒரு பல் சற்றே திரும்பியிருந்து, கடியும் ஈறும் நலமாக இருந்தால், அதை அவ்வாறே விட்டுவிடுவதில் தவறில்லை. தோற்றம் குறித்த கவலை உங்கள் தன்னம்பிக்கையைப் பாதிக்கிறது எனில், அதுவும் மதிக்கத்தக்க காரணமே. ஆயினும், தேவையையும் விருப்பத்தையும் வேறுபடுத்தி அறிந்தால் அவசரமின்றி முடிவெடுக்க இயலும்.

உங்கள் முன் உள்ள வழிகள்

1. இப்போதைய நிலையைக் காத்தல்: நகர்வு சிறிதாக இருந்தால், புதிய ரிடெய்னர் செய்து மேலும் நகராமல் தடுக்கலாம். பலருக்கு இதுவே போதுமானது.
2. முன்பற்களுக்கு மட்டும் சிகிச்சை: கடி சரியாக இருப்பின், பகுதிக் கம்பியோ கழற்றி மாட்டும் அலைனரோ கொண்டு சில மாதங்களில் சீராக்கலாம். இடம் போதாதபோது பற்களின் பக்கவாட்டில் எனாமல் மிகச் சிறிதளவு தேய்க்கப்படலாம்.
3. முழுச் சிகிச்சை: கடியும் மாறியிருந்தால் பெரும்பாலும் ஓராண்டோ அதற்கு மேலோ ஆகும்.

அலைனரை உணவு வேளையும் பல் துலக்கும் வேளையும் தவிர, நாளொன்றுக்கு 20 முதல் 22 மணி நேரம் அணிய வேண்டும். முன்பு ரிடெய்னரை அணிய மறந்தவர்கள் இதைத் தேர்வதற்கு முன் தம் பழக்கத்தை எண்ணிப்பார்ப்பது நல்லது.

இடைவெளியை மூடுவதற்காகப் பற்களைச் சுற்றி ரப்பர் வளையம் மாட்டும் முறையை வீட்டில் ஒருபோதும் செய்யாதீர்கள். வளையம் ஈறுக்குள் நழுவி எலும்பை அழித்து, நலமான பல்லையே இழக்கச் செய்யும்.

இரண்டாம் முறையில் கூடுதல் கவனம்

பல் நகரும்போது வேரின் நுனி சிறிதளவு குறையக்கூடும். பெரும்பாலோருக்கு இதனால் பாதிப்பு இராது. முதல் சிகிச்சையிலேயே வேர்கள் குறிப்பிடத்தக்க அளவு குறுகியிருந்தால், மறுசிகிச்சை அதை அதிகமாக்கலாம். ஆகவே எக்ஸ்ரே எடுத்து வேர்களின் நீளத்தைப் பார்க்காமல் சிகிச்சையைத் தொடங்கக் கூடாது.

சொத்தை, நீரிழிவு, புகையிலைப் பழக்கம், கருவுற்றிருத்தல் ஆகியவற்றை மருத்துவரிடம் மறைக்காமல் கூறுங்கள். எலும்புத் தேய்மானத்திற்கு உட்கொள்ளும் சில மருந்துகள் பல் நகர்வைப் பாதிக்கும் என்பதால், நீங்கள் உட்கொள்ளும் எல்லா மருந்துகளின் பட்டியலையும் எடுத்துச் செல்லுங்கள்.

திருமணம், வெளியூர் வேலை, மேற்படிப்பு ஆகியவற்றை முன்னிட்டுச் சிலர் குறித்த நாளுக்குள் சிகிச்சையை முடிக்க விரும்புகின்றனர். பற்கள் நகரும் வேகம் உடலைப் பொறுத்தது. அதை நாள் குறித்து முடுக்க இயலாது. ஊர் மாற வாய்ப்பிருந்தால் அதை முதல் சந்திப்பிலேயே தெரிவியுங்கள்.

பல் சீரமைப்பு மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

பல் மருத்துவப் பட்டத்திற்குப் பின் பல் சீரமைப்பில் மூன்றாண்டு முதுநிலைப் பயிற்சி பெற்றவரே இத்துறையின் சிறப்பு மருத்துவர். சென்னையிலுள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இதற்கெனத் தனித் துறை உள்ளது. பழைய எக்ஸ்ரே, பல் அச்சு, புகைப்படங்கள் இருந்தால் உடன் எடுத்துச் சென்று இவற்றைக் கேளுங்கள்:

- என் பற்கள் நகர்ந்ததற்குக் காரணம் என்ன?
- ஒன்றும் செய்யாமல் விட்டால் என்ன நேரும்?
- என் வேர்களும் ஈறும் மறுசிகிச்சையைத் தாங்குமா?
- பல் பிடுங்க வேண்டி வருமா? அதற்கு மாற்று உண்டா?
- மொத்தச் செலவில் ரிடெய்னர் அடங்குமா? அது உடைந்தால் எவ்வளவு ஆகும்?

அன்றே முடிவு சொல்ல வேண்டியதில்லை. ஐயமிருப்பின் மற்றொரு மருத்துவரின் கருத்தையும் பெறலாம்.

சிகிச்சைக்குப் பின்

தொடக்கத்தில் மருத்துவர் கூறும் காலம் வரையிலும், பின்னர் இரவுதோறும் ரிடெய்னர் அணிய வேண்டும். பற்கள் சீராக இருக்க வேண்டும் என விரும்பும் காலமெல்லாம் இது தொடர வேண்டும். ரிடெய்னரைக் குளிர்ந்த நீரில் மென்மையாகத் துலக்குங்கள். வெந்நீரில் அதன் வடிவம் மாறிவிடும். உண்ணும்போது காகிதத்தில் சுற்றி வைக்காமல் அதற்குரிய பெட்டியில் வையுங்கள். பழைய ரிடெய்னர் இப்போது பொருந்தவில்லை எனில் அழுத்தி மாட்டாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பெற்றோருக்கும் பராமரிப்போருக்கும்

"அப்போதே சொன்னேன், கேட்கவில்லை" என்று கடிந்துகொள்வதால் பயனில்லை. அது சிலரை மருத்துவரைக் காண்பதிலிருந்தே விலக்கிவிடும். வயது வந்த மகனோ மகளோ தாமே விரும்பி ஏற்கும் சிகிச்சையைத்தான் நாள்தோறும் பொறுப்புடன் தொடர்வர். செலவு குறித்து வெளிப்படையாகப் பேசுங்கள்; முடிவை அவர்களிடம் விடுங்கள்.

இப்பக்கத்திலுள்ள தகவல்கள் பொது விழிப்புணர்வுக்கானவை. உங்களுக்குரிய சிகிச்சையைப் பல் மருத்துவரின் நேரடிப் பரிசோதனைக்குப் பின்னரே தீர்மானியுங்கள்.