திருகோணமலைத் துறைமுகம்: பலர் கண்வைத்த கடல்

திருகோணமலையின் உட்துறைமுகக் கரையில் நின்று பார்த்தால் எதிரே இருப்பது கடல் என்றே தோன்றாது. சுற்றிலும் குன்றுகள், நடுவே அலையடங்கிய நீர். பெரியதொரு குளம் என்றே முதலில் வருபவர்கள் நினைப்பார்கள்.

மகாவலி கங்கை மூதூருக்கு அருகே கொட்டியாரக் குடாவில் கலக்கிறது. அந்தக் குடாவின் அடியிலிருந்து ஆழமான கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று வெளிக்கடலை நோக்கிச் செல்கிறது. அதனால்தான் பெரிய கப்பல்களும் கரைக்கு வெகு அருகே வரமுடிகிறது. பாய்க்கப்பல் காலத்தில் இதற்கு இருந்த மதிப்பை இன்று விளங்கிக்கொள்வது கடினம். வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில் சோழமண்டலக் கரையில் போர்க்கப்பல்கள் ஒதுங்க நல்ல துறை கிடையாது. வங்கக் கடலில் கப்பற்படை வைத்திருக்க விரும்பியவர்களுக்குத் திருகோணமலை வேண்டும்.

வந்தவர்களின் வரிசை நீளமானது. 1620இல் டென்மார்க்கின் கப்பல்கள் வந்தன. அதே தசாப்தத்தில் போர்த்துக்கீசர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினர். 1639இல் கண்டி மன்னனின் துணையுடன் ஒல்லாந்தர் அதைப் பிடித்தனர். 1782 கதை இன்னும் விசித்திரமானது. ஜனவரியில் பிரித்தானியர் கைப்பற்றினர், ஓகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரன் பறித்தார், பின்னர் அது ஒல்லாந்தரிடமே திரும்பிப் போனது. 1795இல் வந்த பிரித்தானியர்தான் நிலைத்தனர். இத்தனை கைமாறல்களிலும் இங்கு வாழ்ந்தவர்களை எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிரெடரிக் கோட்டை இன்றும் இராணுவத்தின் பாவனையில் உள்ளது. கோயிலுக்குப் போகும் வழி அதனூடாகவே செல்கிறது. மான்களைப் படமெடுக்கும் அவசரத்தில் பலர் வாசற்கல்லைக் கவனிப்பதில்லை. மீன் சின்னமும் தேய்ந்த தமிழ் எழுத்துகளும் கொண்ட அந்தக் கல்லுக்காகவே ஒருமுறை நின்று போகலாம். கடலுக்குள் விழுந்த கோயிற் கற்களை 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் நீரடியில் கண்டனர்.

சீனன்குடாவில் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் காட்டுக்குள் நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்கள் இங்கு குண்டு வீசின. எஞ்சிய 99 தாங்கிகளையும் 2022 ஜனவரி ஒப்பந்தம் பங்கிட்டது: 61 கூட்டு நிறுவனத்துக்கு, 14 இந்தியன் எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு. 1957இல் பிரித்தானியக் கடற்படை வெளியேறியபோதும், 1987 இலங்கை - இந்திய உடன்படிக்கையோடு கடிதங்கள் பரிமாறப்பட்டபோதும் இத்துறைமுகம் பேச்சுப்பொருளாகவே இருந்தது.

எமக்கு இந்தத் துறைமுகம் வேறு நினைவுகளையும் தருகிறது. 2006 ஜனவரி 2இல் கடற்கரையில், காந்தி சிலைக்கு அருகே ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். கைதான 13 விசேட அதிரடிப்படையினரும் 2019இல் விடுவிக்கப்பட்டனர். அதே 2006இல் குடாவின் மறுகரையில் சம்பூர் மக்கள் எறிகணைகளுக்கு அஞ்சி ஓடினர். அவர்களது ஊர் உயர் பாதுகாப்பு வலயமானது, பிறகு அனல்மின் நிலையத்துக்கென ஒதுக்கப்பட்டது. 2015இலும் 2016இலும்தான் காணிகள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டன. ஆழமான துறைமுகத்துக்கு எதிரே ஊர் அமைந்ததற்கு அவர்கள் கொடுத்த விலை அது.

2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டபின், யாழ்ப்பாணத்தவருக்குக் காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலைக்கு வரும் கப்பலே வெளியுலகுக்கான வாசலாயிற்று. படையினரின் அனுமதிக்கும் பயணச்சீட்டுக்கும் காத்திருந்த நாட்களைப் பலர் இன்னும் மறக்கவில்லை. 2009 பெப்ரவரியில் புதுமாத்தளனில் ஏற்றப்பட்ட காயக்காரரை, சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம் வாடகைக்கு அமர்த்திய 'கிறீன் ஓஷன்' கப்பல் இங்கேதான் கொண்டுவந்தது. கரை சேர்ந்தவர்கள் திருகோணமலை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். கூட வரமுடியாத உறவுகள் புதுமாத்தளன் மணலிலேயே நின்றன.